எல்லை அறிந்த வைத்தியம்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல் சாந்தமாக இருக்கும் நாளிலும் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். நயினாதீவு கிட்ட. அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கரை சேரப் படகுதான் துணை. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மக்களுக்கு வீதி இருக்கிறது. வாகனம் கிடைத்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்விடலாம். படகு ஓடாத சாமத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், எதை இங்கேயே பார்க்கலாம், எதை அக்கரைக்கு அனுப்ப வேண்டும், எது இனி எவராலும் ஆகாது என்று யாரோ ஒருவர் அந்தக் கணமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இம்மூன்றையும் பிரித்தறிவதையே வைத்தியத்தின் முதல் தகுதியாக நான் கொள்கிறேன். தீவகம் கண்ட வைத்திய மரபுகளையும் அந்த அளவுகோலாலேயே பார்க்கிறேன்.

மூத்தது தமிழ் வைத்தியம். ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் யாழ்ப்பாணத்துப் பரியாரிமாரின் மூலநூல்கள். ஏட்டில் கிடந்த பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 தொடக்கம் பகுதி பகுதியாக அச்சேற்றியிராவிட்டால் இன்று நம் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ தெரியாது. இந்த மரபு மருந்துக்கு முன்னே நிதானத்தை வைக்கிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்து, வாதம், பித்தம், சிலேற்பனத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து, நோய் சாத்தியமா அசாத்தியமா என்று தெளிந்த பின்னரே மருந்து. தீராத நோயைத் தீராது என்று சொல்லும் துணிவு இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. நாடி பார்ப்பதை வியந்து எழுதுகிறவர்கள் பலர். அந்தத் துணிவை யாரும் போதிய அளவு எழுதவில்லை.

பரியாரியாருக்கு நோயாளியின் தகப்பனையும் பேரனையும் தெரியும். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா என்பதும் தெரியும். பத்தியம் சொல்லும்போது அந்த வீட்டு அடுப்பில் என்ன கிடைக்கும் என்று அறிந்தே சொல்லுவார். குறையும் உண்டு. கைமுறை மகனுக்கோ மருமகனுக்கோ மட்டும் போனது. குணமானவர்களை ஊர் பேசியது; குணமாகாதவர்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

விஷகடியில் இந்தக் குறை உயிரைக் கேட்கும். பிள்ளையார் கதை பாடிய சுன்னாகம் வரதபண்டிதரே அமுதாகரம் என்ற நஞ்சு வைத்திய நூலையும் செய்தவர். எங்கள் பக்கத்தில் அந்த மரபுக்கு இருக்கும் மதிப்பு பெரிது. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும், நாகம் கடித்தால் மூச்சுத் தசைகள் சோரும். அதற்கு விஷமுறிவு ஊசியும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் வேண்டும். பச்சிலை பூசிக் காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்பு. இதை ஒளிக்காமல் சொல்லி, ஆளை உடனே படகேற்றும் விஷகடி வைத்தியரே வரதபண்டிதரின் உண்மையான வாரிசு.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திர சிகிச்சை, பிள்ளைப்பேறு, இரசாயனம் என்று அவரும் மாணவரும் ஆக்கிய தமிழ் நூல்கள் பல்லாயிரம் பக்கங்கள். நோயாளி பேசும் பாஷையில் வைத்தியர் சிந்திக்க வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற அளவுகோல். 1873இல் அவர் திரும்பிய பிறகு படிப்பு ஆங்கிலத்துக்கு மாறியதை ஒரு பேரிழப்பாகவே எண்ணுகிறேன்.

பின்னர் அரசாங்க வைத்தியம் வந்தது. கட்டணமில்லாத தர்மாஸ்பத்திரி ஏழைத் தீவாருக்குக் கிடைத்த பெரும் நீதி. 1984இல் யாழ். பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பாடமானதும் பரியாரியாரின் அறிவு பரீட்சைக்கும் பரிசோதனைக்கும் உட்பட்டது.

1948இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் கொடுக்கப்பட்டவர்களையும் கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வெளிவந்த பின், தன் அனுபவத்தை மட்டும் நம்பாதே என்பது நவீன வைத்தியத்தின் நெறியாயிற்று. கைராசி என்று ஊர் சொல்வதை அந்த நெறி எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். அதற்கும் எல்லை உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்க, புங்குடுதீவில் தனித்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்குச் சீனி, பிறசர், மூட்டுவலி மூன்றும் இருக்கும். ஒவ்வொரு நோயையும் தனித்தனியே ஆராய்ந்த அறிவு அவருடைய ஒரு நாளைச் சொல்லித் தராது.

அந்த அம்மா கிளினிக்கில் தந்த குளிசையையும் போடுவார், குறிஞ்சா இலைச் சாற்றையும் குடிப்பார். டொக்டர் பேசுவாரோ என்ற பயத்தில் வாய் திறக்கமாட்டார். இரண்டும் சேர்ந்து சீனி இறங்கி இராவில் மயங்கினால் பக்கத்தில் ஆள் இல்லை. பஸ்பம், செந்தூரம் எடுக்கிறவரின் சிறுநீரகத்தையும் யாராவது சோதிக்கத்தான் வேண்டும். ஆகவே தீவுக்கு வரும் இளம் வைத்தியர், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் அம்மா என்று கோபமில்லாமல் கேட்கப் பழக வேண்டும். பரியாரியாரும் அக்கரைக்கு அனுப்பும் நோயாளியின் கையில் ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன், எதற்காக அனுப்புகிறேன்.