ஸ்ரெப்ரோவும் சான்போட்டும்: ஓர் ஒப்புநோக்கு

ஒரு மொழியிலுள்ள நாடகத்தைப் பிறிதொரு மொழியிற் பெயர்க்கும்போது உண்டாகும் இடர்ப்பாடுகள் பலராலும் ஆராயப்பட்டுள. ஒரே மொழியைப் பேசும் இரு நாடுகளுக்கிடையே ஒரு நாடகம் பெயர்ந்து செல்லும்போது உண்டாகும் மாற்றங்களோ அத்துணைக் கவனத்தைப் பெற்றில. அங்கு மொழியை மாற்றவேண்டிய தேவை இல்லையாதலின், மாறியவற்றுட் பெரும்பாலன வாழ்க்கை நோக்கின் வேறுபாட்டாலேயே மாறின எனத் துணிந்து கூறலாம். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1962இல் தோன்றிய 'ஸ்ரெப்ரோவும் மகனும்' என்ற நகைச்சுவைத் தொடரும், அதனைத் தழுவி 1972இல் அமெரிக்காவில் தோன்றிய 'சான்போட்டும் மகனும்' என்ற தொடரும் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவை.

இரண்டிற்கும் கதைப்பொருள் ஒன்றே. மனைவியை இழந்த தந்தை ஒருவனும் மணமாகாத அவன் மகனும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றனர். பிறர் கழித்த தட்டுமுட்டுப் பொருள்களைச் சேர்த்து விற்பதே அவர்கள் தொழில். வீடும் முற்றமும் அப்பொருள்களால் நிறைந்து கிடக்கின்றன. மகன் இவ்வாழ்க்கையினின்றும் நீங்க விரும்புகின்றான். தந்தை அவனை நீங்கவிடான். இவ்வளவே கதை. மூலத்தில் நிகழிடம் இலண்டனின் மேற்கிலுள்ள ஷெப்பேட்ஸ் புஷ்; தந்தை அல்பேட், மகன் ஹரோல்ட். தழுவலில் நிகழிடம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி. தந்தை பிறெட், மகன் லமொன்ற். இவர்கள் இருவரும் கறுப்பின அமெரிக்கர்.

மூலத்தை எழுதியோர் றே கோல்ற்றன், அலன் சிம்சன் என்னும் இருவர். அதற்கு முன்னர் இவர்கள் ரோனி ஹான்கொக் என்னும் புகழ்பெற்ற நகைச்சுவையாளருக்காக எழுதிவந்தனர். அவரைப் பிரிந்தபின், தனித்தனிக் கதைகளாக அமைந்த நகைச்சுவை நாடகங்களை எழுதுமாறு பி. பி. சி. நிறுவனம் இவர்களைக் கேட்டது. அவற்றுள் ஒன்றாக 1962ஆம் ஆண்டு சனவரியில் ஒளிபரப்பானதே ஸ்ரெப்ரோக் கதையின் முதற் பகுதி. அதில் நடிக்கச் சிரிப்பூட்டுவோரைத் தேடாது நாடக நடிகரையே தேடினர். அயர்லாந்தவராகிய வில்பிறிட் பிறம்பெல் தந்தையானார். ஜோன் லிற்றில்வூட் அம்மையாரின் நாடகக் குழுவிற் பயின்று, சேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சாட் மன்னனாகவும் நடித்த ஹரி கோபெற் மகனானார். இத்தெரிவே தொடரின் தன்மையை உறுதிசெய்துவிட்டது.

அம்முதற் பகுதியின் இறுதிக் காட்சி ஈண்டு விரிவாக நோக்கற்பாலது. வேறோரிடத்தில் தனக்கு வேலை காத்திருக்கிறதென்றும் அன்றே போய்விடுவதாகவும் ஹரோல்ட் கூறுகின்றான். தன் உடைமைகளையெல்லாம் வண்டியில் ஏற்றுகின்றான். கிழவன் குதிரையைத் தர மறுக்கின்றான். ஹரோல்ட் குதிரையின் இடத்திலே தானே நின்று வண்டியை இழுக்கின்றான். வண்டி அசையவில்லை. மீண்டும் இழுக்கின்றான், மீண்டும் அசையவில்லை. முப்பது வயதைக் கடந்த அம்மனிதன் ஈற்றிற் சிறு பிள்ளைபோல் அழுகின்றான். தந்தை அவனைத் தேற்றி, பிறகு போகலாம் என்று சொல்லி வீட்டிற்குள் அழைத்துச் செல்கின்றான். கிழவனின் குரலில் அன்பும் இருக்கின்றது, வெற்றியும் இருக்கின்றது. அவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று.

நகைக்கு எள்ளல் முதலாக நான்கு நிலைக்களங்கள் கூறிய தொல்காப்பியர், எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை அடுத்து அழுகையை வைத்தார். அவ்வைப்புமுறைக்கு உரையாசிரியர் கூறும் காரணங்கள் எவ்வாறாயினும், இரண்டும் அண்டை வீட்டார் என்பதை இவ்வொரு காட்சி காட்டிவிடும். நகைச்சுவை நாடகமொன்றைக் காண அமர்ந்தோர் ஒருவன் அழுவதைக் கண்டனர். கண்டும் மறுபடியும் காண விரும்பினர். பி. பி. சி. அதனைத் தொடராக்கிற்று. சில ஆண்டுகளில் அதனைக் கண்டோர் தொகை இரண்டு கோடியைத் தாண்டியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த பொதுத் தேர்தலன்று மாலையில் இத்தொடர் காட்டப்பட இருந்தது. தொழிலாளர் வாக்களிக்கச் செல்லாது வீட்டிலிருந்துவிடுவர் என்றஞ்சிய தொழிற்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் அதன் நேரத்தை மாற்றுமாறு வேண்ட, நிகழ்ச்சி பிற்போடப்பட்டது. அவர் கட்சி நான்கே ஆசனப் பெரும்பான்மையால் வென்றதை நினைக்கும்போது, அவ்வச்சத்தை நகைத்தற்கில்லை.

இனி அமெரிக்கத் தழுவலை நோக்குதல் தகும். நோமன் லியர், பட் யோர்க்கின் என்னும் தயாரிப்பாளர் இருவரும் முந்திய ஆண்டிலேயே வேறொரு பிரித்தானியத் தொடரைத் தழுவி வெற்றி கண்டவர்கள். இக்கதையை அமெரிக்காவிற்குக் கொணர 1965இலும் ஒரு முயற்சி நடந்தது. அப்போது தந்தையாகவும் மகனாகவும் வெள்ளையினத்தவரே நடித்தனர். அம்முயற்சி மாதிரிப் படத்தோடு நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் றெட் பொக்ஸ், டிமொண்ட் வில்சன் ஆகியோரோடு என். பி. சி. வெளியிட்ட தொடரோ 1977 மார்ச் வரை நீடித்தது. 1972–73ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்நாட்டில் மிகுதியானோர் கண்ட தொடர்களுள் இரண்டாம் இடத்தை அது பெற்றது.

தழுவல் மூலத்தின் கசப்பை நீக்கிச் சர்க்கரை இட்டது என்பது பிரித்தானியத் தொடரை விரும்புவோர் வழக்கமாகக் கூறும் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அக்கூற்று மாற்றத்தின் காரணத்தை ஆராயாது பயனை மாத்திரம் பழிக்கின்றது. காரணங்கள் சிலவற்றை நடிகரின் வயதிலிருந்தே தொடங்கலாம்.

பிறம்பெல் முதன்முதல் அல்பேட்டாகத் தோன்றியபோது அவருக்கு வயது 49. றெட் பொக்ஸ் முதன்முதல் பிறெட்டாகத் தோன்றியபோது அவருக்கும் வயது 49. இருவரும் தத்தம் வயதை மறைத்துக் கிழவராயினர். ஆனால் மகன்மாரின் வயது ஒன்றன்று. கோபெற்றுக்கு அப்போது 36, வில்சனுக்கு 25. இப்பதினோர் ஆண்டு வேறுபாடு நாடகத்தையே வேறுபடுத்திவிட்டது. லமொன்ற் வெளியேற விரும்பும் இளைஞன். இன்று போகாவிடின் நாளை போவான் என்று காண்போர் நம்பலாம். ஹரோல்டுக்கோ அந்த நாளை கழிந்துகொண்டே இருக்கின்றது. அவன் நூல்களைச் சேர்க்கின்றான். உயர்ந்த இசையைக் கேட்க முயல்கின்றான். அரசியற் கருத்துக்களைப் பேசுகின்றான். மேன்மக்களின் உச்சரிப்பைப் பழகுகின்றான். பள்ளியில் முறையாகக் கல்லாத ஒருவன் தானாகத் தேடிக்கொண்ட அறிவு அது. ஆதலின் அரைகுறையாகவே இருக்கின்றது. அவன் தவறாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் காண்போர் சிரிக்கின்றனர். கல்வியை நாடும் ஒருவனின் தவறுக்குச் சிரிப்பது அத்துணை இன்பமான சிரிப்பன்று என்பதைக் கோல்ற்றனும் சிம்சனும் நன்கறிவர். அவனது முயற்சியை அவர்கள் ஒருபோதும் இழிவுசெய்திலர். அதன் தோல்வியை மாத்திரம் மறையாது காட்டினர்.

இரண்டாவது காரணம் வண்டி. ஸ்ரெப்ரோ குடும்பத்தின் வண்டியை இழுப்பது ஹேர்க்குலிஸ் என்ற குதிரை. சான்போட் குடும்பத்திடம் இருப்பது 1951ஆம் ஆண்டுப் போட் பாரவண்டி. இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் குதிரையின் இடத்தில் நின்று மனிதன் இழுக்கும் காட்சி எஞ்சின் பூட்டிய வண்டியில் நிகழ இடமில்லை. லமொன்றின் கையில் வண்டியின் சாவி இருக்கின்றது. அவன் விரும்பின் ஏறிப் போய்விடலாம். ஆகவே அவன் தங்கியிருப்பதற்கு வேறு காரணம் வேண்டும். தழுவலாசிரியர் தந்த காரணம் அன்பு. மூலத்தின் ஆசிரியரோ அக்காரணத்தை முழுமையாக ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. தந்தையைத் தனியே விட்டுச் செல்லாதிருத்தல் மகனின் கடன் என்பது எந்நாட்டினரும் எளிதில் ஏற்கும் அறம். அவ்வறத்தைக் காப்பவன் தன் உயிரின் எப்பகுதியை இழக்கின்றான் என்ற வினாவைக் கேட்கத் துணிவோர் சிலரே. அமெரிக்கத் தொடர் இவ்வினாவை முதற் சில பகுதிகளோடு கைவிட்டுவிட்டது. சர்க்கரை என்ற குற்றச்சாட்டு இவ்விடத்தில் முற்றும் பொருந்தும்.

எனினும் தழுவலுக்குத் தனக்கே உரிய ஓர் உண்மை உண்டு. வாட்ஸ் பகுதி 1965ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெருங் கலவரத்தைக் கண்ட இடம். அதில் 34 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சிக்கு ஏழாண்டுகள் கழியுமுன், அப்பகுதியில் வாழும் ஒரு தந்தையும் மகனும் வெள்ளிக்கிழமை இரவுதோறும் அந்நாட்டு வீடுகளினுள்ளே புகுந்தனர். ஹரோல்ட் தன் வகுப்பினின்றும் மேலெழ விரும்புகின்றான். அவனைத் தடுப்பவை அவன் பேச்சும் தந்தையுமே. லமொன்ற் வீட்டைவிட்டு நீங்கினாலும் அவனது நிறம் அவனை நீங்காது. எனவே பிறெட்டின் தந்திரங்களும் கோணல் மொழிகளும் வெறும் பிள்ளைப்பிடிவாதங்கள் அல்ல. வெளியுலகம் தனக்கும் தன் மகனுக்கும் எதைத் தரும் என்பதை நன்கறிந்த ஒருவனின் தற்காப்பு. காவலர் வாயிலில் வந்து நிற்கும் காட்சிகளில் பொக்ஸின் கண்களில் ஒளிரும் குறும்பை அல்பேட்டின் முகத்திற் காணவியலாது. அது காணவேண்டியதுமன்று. றிச்சாட் பிறையர், போல் மூனி என்னும் கறுப்பின நகைச்சுவையாளர் 1972இல் இதற்கு இரண்டு பகுதிகள் எழுதினர். அத்தகையோரின் கை இன்னும் மிகுதியாகப் பட்டிருப்பின் தொடர் இதனினும் உயர்ந்திருக்கும்.

தழுவலின் பெருங்குறை ஒன்றுண்டு. அதுவே அதன் பெரும்புகழுமாயிற்று. மகன் தன் சொற்கேளாதபோதெல்லாம் பிறெட் மார்பைப் பற்றிக்கொண்டு தள்ளாடி, இறந்துபோன மனைவி எலிசபெத்தை வானோக்கி விளித்து, தான் அவளிடம் வருவதாகக் கூறுகின்றான். முதன்முறை காண்போருக்கு இது மிக்க நகையைத் தரும். பத்தாம் முறை அது நாடகமாகாது, முத்திரையாகிவிடுகின்றது. லமொன்ற் அதனை நம்புவதில்லை, காண்போரும் நம்புவதில்லை. அல்பேட் நோயென்று கூறும்போதோ ஹரோல்ட் பாதி நம்புகின்றான். நம்பாத பாதிக்காகத் தன்னைத்தானே வெறுக்கின்றான். நடிப்பென்று யாவரும் அறிந்த ஒன்றால் ஒருவரையும் கட்டிவைத்தல் இயலாது. இதற்குப் பிற்காலத்தில் கொடியதொரு பின்னுரை வாய்த்தது. 1991ஆம் ஆண்டு அக்டோபரில் வேறொரு தொடரின் ஒத்திகையில் றெட் பொக்ஸ் மாரடைப்பால் வீழ்ந்தபோது, உடனிருந்தோர் பழைய விளையாட்டென்றே முதலில் எண்ணினர். அன்றே அவர் காலமானார்.

ஒரே கதை இரு தொடரிலும் எவ்வாறு நடந்ததென்பதற்கு ஏலக் கதையை நோக்கலாம். மகனுக்கு விலையுயர்ந்த பீங்கான் உருவமொன்று கிடைக்கின்றது. அது ஏலத்திற்கு வருகின்றது. விலையை உயர்த்த எண்ணிய தந்தை இடையே புகுந்து கேட்க, ஈற்றில் அவர்கள் பொருள் அவர்கள் தலையிலேயே விழுகின்றது. பிரித்தானியத் தொடரில் 1965இல் வந்த இதனையே அமெரிக்கத் தொடர் தன் முதற் பகுதியாகக் கொண்டது. நிகழ்ச்சிகள் ஒன்றே, சுவை வேறு. லமொன்ற் இழப்பது ஒரு நாளைய ஊதியம். ஹரோல்ட் இழப்பது தானொரு கலைப்பொருள் வணிகன் என்ற கனவு.

எண்ணிக்கையும் கருதத்தக்கது. பிரித்தானியத் தொடர் ஏறத்தாழ அறுபது பகுதிகளோடு நின்றது; அவற்றை அவ்விருவரே எழுதினர். அமெரிக்கத் தொடர் ஆறு பருவங்களில் நூற்று முப்பதைத் தாண்டியது, எழுதியோர் பலர். வாரந்தோறும் வேண்டப்படும் பொருள் வாரந்தோறும் ஆழமாயிருத்தல் அரிது. உறவினரும் அயலவரும் நண்பரும் வந்து சேர, இருவர் கதை ஊர்க்கதை ஆயிற்று. அவ்வூரில் லவாண்டா பேஜ் அம்மையார் நடித்த எஸ்தர் மாமியைச் சந்திப்பது இன்பமே என்பதையும் மறைத்தலாகாது.

பிரித்தானியத் தொடரில் 1972இல் வந்த ஒரு பகுதியில் ஹரோல்ட் வீட்டை நடுவே தட்டியிட்டு இரண்டாகப் பிரிக்கின்றான். வாயிலிற் சுழல்தடையொன்றையும் அமைக்கின்றான். தொலைக்காட்சிப் பெட்டிகூடப் பிரிவினையிலிருந்து தப்பவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாது வாழலாம் என்பது அவன் எண்ணம். வீடு தீப்பற்ற, இருவரும் மருத்துவமனையை அடைகின்றனர். இவ்வளவு கடுமையான நகையை அமெரிக்கத் தொடர் எப்போதும் முயன்றதில்லை.

முடிவுகள் மாத்திரம் எதிர்பாராத வகையில் அமைந்தன. 1974ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில், தந்தையும் மகனும் வெளிநாடு செல்லப் புறப்படுகின்றனர். ஹரோல்டின் கடவுச்சீட்டுக் காலங்கடந்ததெனத் தெரியவர, கிழவன் தனியே அனுப்பப்படுகின்றான். அவன் சென்றபின் ஹரோல்ட் வெளியே வருகின்றான். அங்கே ஒரு பெண் மோட்டார் வண்டியிற் காத்திருக்கின்றாள். யாவும் அவன் முன்னரே வகுத்த சூழ்ச்சி. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவனுக்குக் கிடைத்தது ஒரு விடுமுறை. 1977இல் வந்த அமெரிக்க இறுதிப் பகுதியிலோ, தந்தை எங்கோ மறைவாகச் சென்று வருவதைக் கண்டு மகன் ஐயுறுகின்றான். கிழவன் சென்றது பள்ளிக்கூடத்திற்கு. இளமையில் முடிக்காத படிப்பை முடித்துச் சான்றிதழ் பெறுகின்றான். ஹரோல்ட் தன் வாழ்நாளெல்லாம் விரும்பியதை லமொன்றின் தந்தை பெற்றான். மகன் சபையில் அமர்ந்து அதனைப் பார்த்திருந்தான்.