அலகின் அளவு

பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் எழும்பூர். மேற்கே திருவள்ளூர் வழியாகப் போனால் பூண்டி. இரண்டு ஊரிலும் அருங்காட்சியகம் உண்டு. பூண்டியில் இருப்பது கொசஸ்தலையாற்றுப் படுகையின் கற்கருவிகள். எழும்பூரில் இருப்பது, அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்பு. வாளும் ஈட்டியும் அம்பு முனையும் அதில் அடக்கம். பார்க்க வருபவர்கள் எது கூர், எது பழசு என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முனையை ரசிக்க அந்த இரண்டு கேள்வியும் போதாது. எந்த உடலுக்காக இது செய்யப்பட்டது என்று கேட்டால்தான் அதன் வடிவம் வாய் திறக்கும். தமிழ் இதற்கு ஏற்ற சொல்லை வைத்திருக்கிறது: அலகு. ஆயுதத்தின் வெட்டும் தகடும் அலகு, பறவையின் மூக்கும் அலகு, அளக்கும் அளவும் அலகு.

அதே கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் உலகுக்குக் காட்டினார். அங்கே கிடைத்த லெவலுவா வகைக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று சாந்தி பப்பு குழுவினர் 2018-இல் அறிவித்தார்கள். இவற்றை அம்பு முனை என்று சொல்வதற்கில்லை. ஆனால் செய்முறையைப் பாருங்கள்: முதலில் கருக்கல்லைச் சுற்றிலும் செதுக்கித் தயார் செய்கிறார்கள், பிறகு ஒரே அடி, நினைத்த வடிவில் சில்லு கழன்று விழுகிறது. அதாவது, அடிக்கும் முன்பே வடிவம் மனத்தில் முடிந்துவிட்டது. என்ன வேலைக்கு என்று தெரியாதவனால் இதைச் செய்ய முடியாது. முனையின் கலை தொடங்குவது கையில் அல்ல, இந்த முன்னறிவில்.

இந்த முன்னறிவு இன்றும் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் ஒன்று, அமெரிக்கக் காடுகளில் வில்லால் வான்கோழி வேட்டையாடுகிறவர்களின் அம்புப் பெட்டி. நம்மூர் வழக்கில் வான்கோழி, மயிலைப் பார்த்து ஆடப்போய்ச் சிரிப்புக்கு ஆளான பறவை. அங்கே அந்த ஆட்டமே அதன் கவசம். சேவல் தோகையை விரித்து இறகைச் சிலிர்த்து நிற்கும்போது உடல் இரண்டு மடங்காகத் தெரிகிறது. உயிர்நிலையோ கைப்பிடி அளவுதான். முன்னால் திரண்டு தெரியும் நெஞ்சு வெறும் சதை. இதயமும் நுரையீரலும் சிறகு மூட்டை ஒட்டி, முதுகுப் பக்கமாகப் பதுங்கியிருக்கின்றன. ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர் தொலைவில் வைக்கும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமே 12.2 சென்டிமீட்டர் அகலம் உண்டு. வான்கோழியின் உயிர்நிலை அதைவிடச் சிறியது. போதாததற்கு நகர்ந்துகொண்டே இருப்பது. அடி தவறினால் பறவை பறந்துவிடும். கசியும் இரத்தத்தை இறகு உறிஞ்சிக்கொள்வதால் தரையில் தடமும் விழாது. எங்கோ புதரில் மெல்லச் சாகும்.

இந்தச் சிக்கலுக்கு முனை செய்பவர்களிடம் மூன்று விடைகள் உண்டு. ஒன்று, நிலையாகப் பொருத்திய அலகு. எளியது, உறுதியானது, எலும்பையும் தடித்த தோலையும் கடந்து ஆழப் பாயும். மானுக்கும் பன்றிக்கும் இதுவே பொருத்தம். ஆனால் இதை அகலமாக்கினால் முன்னால் ஒரு சிறகு முளைத்தது போல ஆகி, பின்னால் உள்ள இறகோடு மல்லுக்கட்டி அம்பைத் திசை மாற்றும். இரண்டு, பறக்கும்போது மடங்கியிருந்து பட்டவுடன் விரியும் அலகு. காற்றில் ஒடுங்கிப் போகும். உடலில் ஒன்றரை, இரண்டு அங்குலம் வெட்டும். விரிவதற்குச் சிறிது விசையைத் தின்றுவிடும் என்பதே இதன் மீதுள்ள குறை. பெரிய விலங்குக்கு அது உண்மையான குறை. மெல்லிய உடல் கொண்ட பறவைக்கு ஆழம் தேவையில்லை, அகலம்தான் தேவை. ஆகவே அதே குறை இங்கே பொருட்டே இல்லை. மூன்று, கழுத்தை மட்டும் குறிவைக்கும் நீண்ட கத்திகள் கொண்ட முனை. நம் இதிகாசக் கதைகளில் தலை கொய்ய வரும் பிறைமுக அம்பின் உறவு என்று சொல்லலாம். பட்டால் அந்தக் கணமே முடிந்தது, படாவிட்டால் பெரும்பாலும் காயமே இல்லை என்பது இதன் நியாயம். ஆனால் காற்று பிடித்து இழுப்பதால் மிகக் கிட்டத்தில் மட்டுமே எய்யலாம். மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. வான்கோழிக்கு, சாதாரணத் தொலைவில், விரியும் அலகே என் தேர்வு. அதே முனையைப் பன்றிக்கு எய்பவன் மூடன்.

முனையைவிடக் குறி முக்கியம் என்பார்கள். மறுப்பதற்கில்லை, மோசமான கைக்கு எந்த அலகும் துணை வராது. ஆனால் நல்ல கையும் ஓரிரு விரல்கடை விலகும். அந்த விலகலை மன்னிக்கும் முனையா, தண்டிக்கும் முனையா என்பதுதான் தேர்வு. தண்டனை எய்தவனுக்கு அல்ல, பறவைக்குப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

கொல்லும் கருவியில் என்ன ரசனை என்பது இன்னும் கனமான கேள்வி. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கதவைச் சாத்திவிட்டது; சாத்தியது நல்லதே. காட்டு வான்கோழியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புவரை போய், வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் மீண்டது. வேட்டையைப் புகழ நான் இதை எழுதவில்லை. நேரான அம்பு கொடியது, வளைந்த யாழ் இனியது, எனவே செயலைக் கொண்டு எடை போடு என்று வள்ளுவர் வழி காட்டினார். அந்தத் தராசை அம்புக்கும் அம்புக்கும் இடையே வைத்துப் பார்க்கிறேன். பளபளப்பும் கூரும் தோற்றம். வலியின் நேரத்தைக் குறைப்பது செயல். இரையின் உடலைப் படித்தவன் செய்த முனைக்கும் படிக்காதவன் செய்த முனைக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில நிமிடங்கள்தான்.

அமெரிக்க வில்லாளிகள் பலர் அம்பின் பின்னால் கட்டும் இறகு, வான்கோழிச் சிறகிலிருந்து எடுப்பது. முன்னால் இருக்கும் அலகு அதன் உடலைப் படித்துச் செய்தது. அம்பு முழுவதும் அந்தப் பறவையே எழுதிய குறிப்பு போல இருக்கிறது. எழும்பூர்க் கண்ணாடிக்குப் பின்னால் துருவேறிக் கிடக்கும் முனையும் அப்படியொரு குறிப்புதான். விலங்கு போய்விட்டது, கொல்லன் போய்விட்டான். அதன் உடலுக்கு அவன் எடுத்த அளவு மட்டும் இரும்பில் நிற்கிறது.