கிட்டங்கியில் ஒரு கட்டில்

‘கிட்டங்கி’ என்றால் எங்கள் திண்டுக்கல் பக்கம் விளக்கமே தேவையில்லை. வெங்காயமோ, பஞ்சோ, பருத்திக்கொட்டையோ அடுக்கிவிட்டு, பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டு வருகிற இடம். அதற்குள் ஒரு ராத்திரி படுக்கச் சொன்னால், “வாட்ச்மேன் வேலைக்கா சார்?” என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் காசு கொடுத்துப் படுக்கிறார்கள். அதுவும் நிறையக் காசு!

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஹேவ்லாக் சாலையில் இருக்கிறது அந்தக் கட்டடம். 1895-ல் எழுந்த சரக்குக் கிட்டங்கி. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கூம்புக் கூரைகள். வாசனைச் சரக்கு அடுக்கிய இடம். பிற்பாடு அந்த வட்டாரம் ரகசியச் சங்கங்களுக்கும் கள்ளச்சாராயத்துக்கும் பேர் போனது. 1980-களில் இதே கூரையின் கீழ் டிஸ்கோ ஆட்டம். பிறகு சும்மா கிடந்து, 2017 ஜனவரியில் 37 அறைகளோடு ‘தி வேர்ஹவுஸ் ஹோட்டல்’ ஆகிவிட்டது.

முதலில் ஒரு சபாஷ். இடித்துவிட்டு முப்பது மாடி எழுப்புவது சுலபம். இவர்கள் அதைச் செய்யவில்லை. மூன்று கூம்பும் அப்படியே நிற்கின்றன. வரவேற்புக் கூடத்தில் பொய்க்கூரை போட்டு மறைக்காமல், மேலே உள்ள இரும்புச் சட்டங்களைக் கண்ணில் படும்படி விட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். அந்த உயரம்தான் கட்டடத்தின் உயிர். அதைக் கெடுக்காததற்கே கைதட்டலாம்.

ஆலையிலும் கிட்டங்கியிலும் குடியிருக்கிற இந்த ‘லாஃப்ட்’ மோகம் நியூயார்க்கின் சோஹோவில் சூடு பிடித்தது. 1960-களில் ஆலைகள் காலி செய்த மாடிகளில், வாடகை மலிவு என்று ஓவியர்கள் குடியேறினார்கள். 1971-ல் அதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பின்னாலேயே பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, ஓவியர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். எல்லா ஊர் ஆற்றங்கரைக்கும் கிட்டத்தட்ட இதே திரைக்கதைதான்.

சிங்கப்பூரில் ஒரு வித்தியாசம், அங்கே டைரக்‌ஷன் அரசாங்கத்துடையது. 1977-ல் தொடங்கி 1987-க்குள் நாறிக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்து முடித்தார்கள். 1983-ல் சரக்குத் தோணிகளை பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1989-ல் போட் கீயின் பழைய கடைவீடுகளுக்குப் பாதுகாப்பு அந்தஸ்து கிடைத்தது. தோணி போன பிறகு கரை அழகானது. தோணிக்காரனுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

அந்தத் தோணிக்காரர்கள் யார் தெரியுமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்ம ஆட்கள். சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் மாறியது அதற்குப் பிறகு.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஹோட்டலின் கூடத்தில் தொங்குகிற விளக்குகளுக்குச் சக்கரமும் கப்பியும் அலங்காரம். அறையில் வைத்திருக்கும் மினி பாரை பாவங்களின் பெயரால் வகை பிரித்திருக்கிறார்கள். காமத்துக்குத் தனி, பெருந்தீனிக்குத் தனி. வரலாற்றில் ரௌடிக்கும் சாராயத்துக்கும் முன்வரிசை ஸீட். மூட்டை தூக்கினவன் பின்வரிசை. அவன் இழுத்த கப்பி மட்டும் ஜோராக ஜொலிக்கிறது!

பி.காம். கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். 1895 கட்டடத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால் கணக்கில் மதிப்பு எப்போதோ பூஜ்யம். அப்படியானால் வாடிக்கையாளர் எதற்குக் கூடுதல் வாடகை தருகிறார்? ‘குட்வில்’லுக்கு. பழமை என்கிற பேருக்கு. அந்தக் குட்வில்லைச் சம்பாதித்தது யார்? முதுகில் மூட்டை சுமந்தவன். லாபத்தில் அவன் பேரனுக்குப் பங்கு கொடுக்கச் சொல்லவில்லை சாமி, கதையிலாவது பங்கு கொடுங்கள் என்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர்த் தமிழில் ‘கிட்டங்கி’ என்றால் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம். மார்க்கெட் தெருவில் ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள். ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை. பகலில் கணக்கு, ராத்திரி அங்கேயே பாய். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அசல் லாஃப்ட் வாழ்க்கை அதுதானே? அந்தக் கிட்டங்கிகளை யாரும் ஹோட்டலாக்கவில்லை, இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது ஆபீஸ் கோபுரங்கள். மிச்சம் நிற்பது, அவர்கள் 1859-ல் டேங்க் சாலையில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். நம்ம பழனியாண்டவரேதான்! ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல்லுக்கும் ஒரு ஆற்றங்கரை உண்டு, குடகனாறு. தோல் ஷாப் கழிவு கலந்து அது பட்ட பாட்டைக் கரையோர விவசாயியைக் கேளுங்கள். சிங்கப்பூரிடம் காப்பியடிக்க வேண்டியது சக்கரம் கட்டின விளக்கை இல்லை, அந்தப் பத்து வருஷச் சுத்தத்தை. ஆறு முதலில் ஆறாகட்டும். பிறகு ஒருநாள் யாராவது இங்கேயும் ஒரு பழைய தோல் ஷாப்பை ஹோட்டலாக்கினால், சந்தோஷம்தான். வாசலில் ஒரு பலகை மட்டும் வையுங்கள், இங்கே தோல் உரசி யார் யாருக்குக் கை வெந்தது என்று. கட்டில் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், படுக்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.