முதல் பிழை

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது சில நேரம் திரை நிறையப் பிழைகள் கொட்டும். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. கம்பைல் வேலையை நடத்தும் 'மேக்' நின்றுவிட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். மேலே ஏறி முதல் பிழையைத் தேட வேண்டும். அந்தத் தேடல் எனக்கு மிகவும் பிடிக்கும். (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்தால் செய்திகள் கலந்து கிடக்கும், ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால் வரிசை தெளியும்.)

பல சமயம் காரணம் எளியது: ஒரு ஹெடர் கோப்பு இல்லை. டெபியன் லினக்ஸில் நூலகம் ஒரு பொதியாகவும், அதன் ஹெடர்கள் பெரும்பாலும் 'டெவ்' என்று முடியும் வேறொரு பொதியாகவும் இருக்கும். அதை நிறுவியதும் அத்தனை பிழைகளும் ஒன்றாக மறையும்.

சில பிழைகளுக்கு வரலாறே உண்டு. சி நிரலின் ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' போடாமல், தொடக்க மதிப்பும் தராமல் ஒரு குளோபல் மாறியை எழுதி, பல கோப்புகளில் அந்த ஹெடரைச் சேர்த்தாலும் முன்பு லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் அந்த இயல்பை மாற்றியது. பல ஆண்டுகள் ஓடிய நிரல்கள், ஒரே பெயருக்குப் பல வரையறைகள் என்ற பிழையோடு நின்றன. 'எஃப்-காமன்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பழையபடி ஓடும். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' சேர்த்து, வரையறையை ஒரே ஒரு கோப்பில் வைப்பேன். இரண்டே வரித் திருத்தம். பிறகு 'மேக்' அடித்துவிட்டு, கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.