பாவு யாருடையது? எம்.வி. வெங்கட்ராமை ரசித்துப் படிக்க

எம்.வி. வெங்கட்ராமைப் படிக்க இலக்கியப் பழக்கம் நிறைய வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆரணிப் பக்கத்து ஆளாக எனக்கு அதில் உடன்பாடில்லை. முள்ளிப்பட்டு போன்ற ஊரில், பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு அவருடைய உலகத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவருக்கும், தார் சுற்றிய கை வலியோடு பள்ளிக்கூடம் போனவருக்கும் அவர் கதைகள் திறக்கிற விதமே வேறு. பேராசிரியர்களுக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய இடம் இங்கே பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். இந்த வட்டாரத்து வாசகர்கள் அவரை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1920 மே 18-இல் கும்பகோணத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டும் ஜரிகையும்தான் குடும்பத் தொழில். பதினாறு வயதில், 1936-இல், அவருடைய முதல் கதை ‘சிட்டுக்குருவி’ ‘மணிக்கொடி’ இதழில் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். எழுத்தாளர்கள் ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் அந்த ஊர்க்காரர்கள், தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் நெருங்கிய நண்பர்கள். நாற்பதுகளின் இறுதியில் ‘தேனீ’ என்று சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார். நல்ல இதழ், நீடிக்கவில்லை. ஜரிகை வியாபாரமும் கைநழுவியது. பிறகு பிழைப்புக்காகப் பழனியப்பா பிரதர்ஸ் பதிப்பகத்துக்குத் தேசத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைச் சிறு சிறு நூல்களாக எழுதிக் குவித்தார். நாவல்களை எழுதியதும் அதே கைதான். எழுபத்து மூன்று வயதில், 1993-இல், ‘காதுகள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2000 ஜனவரி 14-இல் காலமானார்.

இந்த வாழ்க்கையில் ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். அவர் வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஜரிகையை எடை போட்டுக் கொடுத்து, சேலையை எடை போட்டு வாங்குகிற உலகத்தை உள்ளிருந்து கண்டவர். நெசவாளியின் பக்கம் நின்று அவர் எழுதும்போது முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டும் அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்தவர் எழுதியதால்தான் அவர் கதைகளில் முதலாளி கொம்பு முளைத்த அரக்கனாக வருவதில்லை, நெசவாளி கோயில் சிலையாகவும் நிற்பதில்லை.

‘பைத்தியக்காரப் பிள்ளை’ என்ற சிறுகதையில் தொடங்குங்கள். நாவலுக்குப் போகுமுன் இது அவசியம். ஒரு நெசவாளி வீடு; தகப்பன் இல்லாத குறையை மூத்த மகனின் தறி ஈடுகட்ட வேண்டும்; வீட்டில் உள்ள எல்லா வாய்க்கும் அந்த ஒரு தறிதான் சோறு. தாயின் நாக்கு அவனை விடிவதற்கு முன்பே எழுப்பிவிடும். தமிழ்க் கதைகளில் தாய் என்றால் உருகுவதற்கென்றே இருந்த காலத்தில் இப்படி ஒரு தாயை எழுதத் துணிச்சல் வேண்டும். முதல் முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு பேச்சையும் வீட்டில் எந்த இடத்திலிருந்து யார் பேசுகிறார்கள், அது யார் காதில் விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். குழித்தறி இருக்கிற வீட்டின் அமைப்பு நமக்குத் தெரியும். பெரிய இடம் தறிக்கு. மிச்சத்தில்தான் சமையலும் படுக்கையும். அங்கே தனியாக அழக்கூட மூலை கிடையாது. நெய்கிறவன் எழுந்து போகவும் முடியாது, கால் குழிக்குள் இருக்கிறது. திட்டு வாங்கிக்கொண்டே அடுத்த இழை போட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் விளங்காமல் படித்தால், அவன் ஏன் எழுந்து போய்விடாமல் இருக்கிறான் என்று எரிச்சல் வரும். விளங்கிப் படித்தால் நெஞ்சு அடைக்கும்.

அடுத்தது ‘வேள்வித் தீ’. 1975-இல் வந்த நாவல். கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களின் வாழ்க்கை. கண்ணன் நெசவாளி, கௌசலை அவன் மனைவி, ஹேமா இளம் விதவை, கையில் பணம் உள்ளவள். இந்த மூவருக்குள் நடப்பதைக் காதல் முக்கோணம் என்று சுருக்கிப் பல இடத்தில் அறிமுகம் செய்திருக்கிறார்கள். அந்த அறிமுகத்தை நம்பி எடுத்தால் முதல் பாதியைத் தாவிப் படிக்கத் தோன்றும். அப்படிச் செய்துவிடாதீர்கள், நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முள்ளிப்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு இந்த நாவலின் தொடக்கப் பகுதிகளைப் படித்துக் காட்டினேன். கண் பார்வை மங்கிவிட்டதால் தறியை விட்டு இறங்கியவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது இருக்கட்டும் தம்பி, பாவு யாருது? முதலாளி குடுத்ததா, இவனே போட்டதா?”

“கூலிக்குத்தான் நெய்யறான், தாத்தா. சொந்தமா நெய்யணும்னு ஆசை.”

“அப்ப மேல படி. ஆசைப்பட்டவன் கதைன்னா கேக்கலாம்.”

வேள்வித் தீயைப் படிக்க இதைவிட நல்ல சாவியை நான் எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. நாவல் முழுக்க இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழை) ஊடையும் (குறுக்கிழை) ஜரிகையும் முதலாளி கொடுத்தது என்றால் தறியில் ஏறியிருக்கிற எதுவும் நெய்கிறவனுக்குச் சொந்தம் கிடையாது. எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் அவனை அதே முதலாளியிடம் கட்டிப்போடும். கண்ணன் தன் காலில் நிற்க நினைப்பது வெறும் வருமானக் கனவு ஆகாது. தன் கையால் செய்த பொருளைத் தன்னுடையது என்று சொல்லும் ஆசை அது. அந்த ஆசையின் பின்னணியில் ஹேமாவின் பணம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆணும் பெண்ணும் விரும்புவதற்கு அடியில் கடனும் முதலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கௌசலையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பட்டு நெசவாளி வீட்டில் மனைவி என்பவள் தறியின் மறுபாதி. இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது, ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பது, பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிப்பது என்று அவள் கை படாத சேலை கிடையாது. அதற்குத் தனிக் கூலியும் கிடையாது. ஆகவே இந்த வீட்டில் கணவன் மனம் மாறினால் உடைவது இல்லறம் மட்டுமல்ல, அவர்கள் சேர்ந்து செய்த வேலையும் உடைகிறது. வேறொரு தொழிலில் வைத்து இதே கதையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு கனம் வந்திருக்காது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. தலைப்பை மட்டும் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள்.

குறையும் உண்டு. பின்பாதியில் உணர்ச்சிவசப்பட்ட பேச்சுகள் நீளுகின்றன. முன்பாதியில் பொறுமையாக நடந்த நாவல் அங்கே சில இடங்களில் ஓடுகிறது. ஹேமாவுக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் பட்டுத்தறியை இவ்வளவு உள்ளே போய்க் காட்டிய தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் இரண்டு நாவல்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒன்று தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, 1953-இல் வந்தது. கைத்தறி நெசவாளர்களின் நெருக்கடியை எழுதி, செக் மொழிவரைக்கும் போன நாவல். ரகுநாதன் தெருவையும் கூட்டத்தையும் போராட்டத்தையும் எழுதினார். வெங்கட்ராம் கதவைச் சாத்திய பிறகு வீட்டுக்குள் நடப்பதை எழுதினார். நெசவாளியைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.

மற்றொன்று இத்தாலியிலிருந்து. தூரின் நகரத்தில் 1958-இல் பிறந்த அலெசாந்த்ரோ பரிக்கோ, இன்று உலகம் முழுவதும் படிக்கப்படும் நாவலாசிரியர். அந்த நகரத்திலேயே 1994-இல் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய ‘பட்டு’ 1996-இல் வெளிவந்தது. சின்ன நாவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியபோது, நோயில்லாத முட்டைகளைத் தேடி ஜப்பான் வரை போகிற பிரெஞ்சு வியாபாரி எர்வே ஜான்கூரின் கதை. அழகான கதை, பனிமூட்டம் மாதிரி வாக்கியங்கள். அந்த நாவலில் பட்டு ஒரு தொலைதூர ஏக்கம். தறியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரும் அதன் மையத்துக்கு வருவதில்லை. அதைப் படித்த கையோடு வேள்வித் தீயை எடுத்தால், நம் ஆள் எவ்வளவு கெட்டியான தரையில் நின்றிருக்கிறார் என்பது விளங்கும். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் முள்ளிப்பட்டில் உட்கார்ந்து படிக்கிறபோது என் கை வெங்கட்ராமைத்தான் தேடுகிறது.

மூன்றாவதாக ‘நித்யகன்னி’. இங்கே தறி கிடையாது, மகாபாரதம் இருக்கிறது. விசுவாமித்திரருக்குக் குருதட்சிணையாக, ஒரு காது மட்டும் கறுத்த வெள்ளைக் குதிரைகள் எண்ணூறு கொடுக்க வேண்டும் காலவன். அவ்வளவு குதிரைக்கு வழியில்லாத யயாதி, தன் மகள் மாதவியைக் கொடுத்துவிடுகிறான். மூன்று அரசர்களிடம் இருப்பது தலைக்கு இருநூறு குதிரை. ஒவ்வொருவருக்கும் ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அவள் அடுத்தவரிடம் போக வேண்டும். குறைகிற இருநூறுக்கு ஈடாகக் கடைசியில் விசுவாமித்திரரிடமே. ஒவ்வொரு முறையும் கன்னியாகிவிடும் வரம் அவளுக்கு உண்டு. இதைப் புராணக் கதை என்று பக்தியாகவும் படிக்க வேண்டாம், பெண் உரிமைப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எண்ணூறு, இருநூறு, மீதி இருநூறு. தராசின் முன்னால் வளர்ந்தவர், ஒரு பெண்ணை எண்ணிக்கையாக மாற்றிக் கைமாற்றும் பேரத்தைத் தம் கண்ணால் பார்த்தது போல எழுதியிருக்கிறார். யாரும் கெட்டவர் கிடையாது, எல்லோரும் தர்மம் பேசுகிறார்கள் என்பதுதான் இந்த நாவலின் பயங்கரம். மாதவியின் வரம் யாருக்குப் பயன்படுகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திக் கேட்டுக்கொண்டு படியுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் ‘காதுகள்’. இதை முதலில் எடுத்துப் பாதியில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். மகாலிங்கம் என்ற குடும்பஸ்தர், முருக பக்தர். திடீரென்று அவர் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. ஆபாசமாக, கேலியாக, மிரட்டலாக, ஓயாமல். வெங்கட்ராமுக்கே நேர்ந்த அனுபவம் இது, அவரே சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் அந்த ஓசைகளோடு குடும்பம் நடத்தி, எழுதி, பிள்ளைகளை வளர்த்தவர்.

இந்த நாவலுக்குச் சில பழக்கங்கள் உதவும். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், தினம் ஓர் அத்தியாயம் போதும். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படிக்கும்போது ஒன்றாகக் கலந்துபோகிற குரல்கள், வாயால் சொல்லும்போது தனித்தனி ஆளாகப் பிரிந்து நிற்கும். எது கேலி, எது மிரட்டல், எது மகாலிங்கத்தின் சொந்த நினைப்பு என்று நாக்குக்கே தெரிந்துவிடும். இது என்ன நோய் என்று பெயர் வைக்கும் அவசரம் வேண்டாம். முருகன் காப்பாற்றுவானா என்ற ஆவலோடு மட்டும் பக்கம் புரட்டவும் வேண்டாம். மகாலிங்கமே இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் தவிக்கிறார். நாமும் அங்கேயே நிற்பதுதான் இந்த நாவலுக்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்று. குரல்களின் இரைச்சலில் அந்த வீட்டுக் கணக்கைத் தவறவிட்டுவிடாதீர்கள். தொழில் சரிகிறது, அரிசி வாங்கப் பணம் வேண்டும், பிள்ளைகள் பசிக்கிறது என்று நிற்கிறார்கள், மனைவி எப்படியோ அடுப்பை மூட்டுகிறாள். காதுக்குள் பிரளயமே நடந்துகொண்டிருக்கும்போதும் ஆள் எழுந்து கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழில் மனத்தின் உள்ளோட்டத்தை எழுதிய நாவல்கள் பலவற்றில் வீட்டு அரிசிப் பானை தெரியவே தெரியாது. இங்கே அது ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பானையால்தான் குரல்கள் நம்பும்படி ஆகின்றன. அவருடைய எல்லா நூல்களிலும் நான் மீண்டும் மீண்டும் திரும்புவது இதற்குத்தான்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜானகிராமனின் மணத்தை வெங்கட்ராமிடம் எதிர்பார்க்காதீர்கள். இருவரும் ஒரே காவிரித் தண்ணீர் குடித்தவர்கள்தான், ஆனால் இவர் அலங்காரம் பண்ணுவதில்லை. குட்டையான வாக்கியம், நேரான சொல், உடனே அடுத்த நிகழ்ச்சி. முதலில் வறட்சியாகத் தோன்றும். ‘என் இலக்கிய நண்பர்கள்’ என்ற நினைவு நூலைப் படித்தால் அந்த நேர்ப்பேச்சின் அன்பு பிடிபடும். நண்பர்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல், அதே சமயம் காயப்படுத்தாமல் எழுதியிருக்கிறார்.

அவருடைய நாவல்களைக் காலச்சுவடு பதிப்பகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. ஊர் நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் நெய்கிற பெரியவர்கள் இருந்தால் வேள்வித் தீயை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கும்பகோணத்து வழக்கம் இது, நம்மூர் வழக்கம் இப்படி என்று இடைமறிப்பார்கள், அந்தப் பேச்சையும் சேர்த்து ரசிக்கலாம். இத்தனையும் முடித்தவர்களுக்கு அடுத்த புத்தகம் பக்கத்து ஊரிலேயே காத்திருக்கிறது: வந்தவாசிக்காரரான அ. வெண்ணிலா 2020-இல் வெளியிட்ட ‘சாலாம்புரி’, அந்த வட்டாரத்து நெசவாளர்களின் வாழ்வையும் அரசியலையும் பற்றிய நாவல். அதைத் திறக்கும்போதும் பெரியவர் கேட்ட கேள்வியையே கேட்டுத் தொடங்குங்கள். இந்த முறை பதில் வேறாக இருக்கும்.