தே தாரிக்கும் ஈயக் குழம்பும்

ஜொகூர் பாரு ஒட்டுக்கடையில் தே தாரிக் இழுப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். குவளையிலிருந்து குவளைக்கு இறங்கும் தேநீர் சிதறாமல் ஒரே நாடாவாக வருகிறது. எனக்கு ஈய அணுக்கருக்கள்தான் நினைவுக்கு வரும். பைத்தியம் என்று நினைத்தால் நினையுங்கள்.

2010 நவம்பரில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெருவளையத்தில் அவற்றை முதன்முதலாக மோதவிட்டார்கள். சற்றே விலகி மோதினால், இரண்டும் கவியும் பகுதி பாதாம் பருப்பு வடிவம். லட்சம் கோடி டிகிரிக்கும் மேல் சூடு. புரோட்டானும் நியூட்ரானும் உருகிக் குவார்க் குழம்பாகிவிடும். துகள்கள் தனித்தனியே பறந்தால் எல்லாத் திசையும் ஒன்றுதான். ஆனால் பருப்பின் ஒடுங்கிய பக்கமாகவே அதிகம் பாய்கின்றன. அங்கே அழுத்தம் சட்டென்று சரிகிறது, தள்ளலும் பலமாகிறது. இப்படிச் சேர்ந்து விரிவது திரவத்தின் குணம்.

வாயுவை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது வியப்பு. செர்னுக்கு முன்பே அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம், தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, இது பிசுபிசுப்பே அநேகமாக இல்லாத திரவம் என்று 2005இல் அறிவித்தது. ஈய மோதல்களை ஆராயும் செர்னின் ஆலிஸ் கருவிக்கு ஃபோட்டான் எண்ணும் உணரியைச் செய்ததில் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்துக்குப் பெரும் பங்குண்டு.

தே இழுப்பவருக்கு ஒரு விநாடி கிடைக்கிறது. அந்தக் குழம்புக்கு விநாடியில் கோடி கோடி கோடியில் ஒரு பங்குகூட இல்லை.