'ஓப்பன்' என்னும் சொல்லும் சீன மாணவரும்

'ஓப்பன் தி லைட்' என்று சீன மாணவனொருவன் எழுதினால் சிவப்பு மை உடனே பாய்கிறது. 'விளக்குக்குக் கதவேது, திறப்பதற்கு?' என்ற கேலியும் சில வகுப்புகளில் உடன் வரும். மறுமுறை அம்மாணவன் வாய் திறப்பதில்லை. பிழை பிழையே, திருந்திய ஆங்கிலத்தில் அவ்வழக்கு இல்லை. ஆயினும் அப்பிழைக்கு உரியவன் மாணவன்தானா என்பது ஆராயத்தக்கது.

சீனப் பொதுமொழியாகிய மாண்டரினில் 'காய்' என்றொரு வினைச்சொல் உண்டு. (தமிழ்க் காய்க்கும் அதற்கும் உறவில்லை.) கதவைத் திறப்பது 'காய் மென்', விளக்கேற்றுவது 'காய் தெங்', கார் ஓட்டுவது 'காய் சே'. கூட்டம் நடத்துவதற்கும் மலர் விரிவதற்கும் அதே வினைதான். இனி, 'ஓப்பன்' என்பதற்கு ஆங்கில-சீன அகராதிகள் தரும் பொருள்களுள் ஒன்றாகிய 'தா காய்' என்பதை நோக்குக. அச்சொல் கதவோடும் வரும், தொலைக்காட்சியோடும் வரும். அகராதியை நம்பிய மாணவன் விளக்கையும் 'ஓப்பன்' செய்ததில் வியப்பென்ன?

தமிழர் இதைக் கண்டு நகைப்பதற்கில்லை. விளக்குப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். கோழியோ முட்டை போடுகிறது. 'போடு' என்பதற்கு 'புட்' என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தால் தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலம் என்னாகும்? மலாயிலும் 'பூக்கா' என்பது கதவுக்கும் விளக்குக்கும் பொது. காலணியைக் கழற்றுவதற்கும் அதுவே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'ஓப்பன் லைட்' பல இனத்தார் நாவிலும் புழங்குவது இதனால்தான்.

ஆங்கிலமும் இங்கே அத்துணை ஒழுங்குடையதன்று. மின்சுற்று 'ஓப்பன்' ஆயிற்று என்றால் மின்னோட்டம் நின்றது என்று பொருள். 'குளோஸ்' ஆனால்தான் விளக்கு எரியும்!

விளக்கைவிடக் கடை பொல்லாதது. கடை திறந்திருந்தால் 'இஸ் ஓப்பன்'. மூடியிருந்தால் 'இஸ் குளோஸ்ட்'. பின்னதற்கு ஈறு உண்டு, முன்னதற்கு இல்லை. 'ஓப்பன்' வினையாகவும் நிற்கும், பண்பை உணர்த்தும் அடையாகவும் நிற்கும் என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. சீன மொழியிலோ வினை இவ்வாறு ஈறு ஏற்று உருமாறுவதில்லை. ஆகவே மாணவர் ஒருகால் 'இஸ் ஓப்பன்ட்' என்பர். ஒருகால் 'இஸ் குளோஸ்' என்பர். இரண்டாவதற்குக் கடை அருகில் உள்ளது என்பதன்றோ பொருள்! விளக்குப் பிழை கேட்போர்க்கு விளங்கிவிடும். கடைப் பிழை பொருளையே மாற்றிவிடும். சிவப்பு மை இங்கே செலவாகட்டும்.

1942இல் தோக்கியோவில் வெளியான ஹார்ன்பியின் அகராதி, வினைகளுக்குரிய வாக்கிய அமைப்புகளைச் சுட்டியது, பெருந்தொண்டுதான். ஆனால் கதவைத் 'திறப்பதும்' விளக்கைத் 'திறப்பதும்' அமைப்பால் ஒன்றே; இலக்கணம் இங்கே தடுக்காது. எச்சொல்லோடு எச்சொல் சேரும் என்பதையே பிள்ளை பயில வேண்டும். கரும்பலகையின் ஒரு பக்கம் 'ஓப்பன்' என எழுதி, அதன்கீழ்க் கதவு, புத்தகம், கண், வங்கிக் கணக்கு, கணினிக் கோப்பு. மறுபக்கம் 'டர்ன் ஆன்' என எழுதி, அதன்கீழ் விளக்கு, விசிறி, வானொலி. தண்ணீர்க் குழாயை மட்டும் நடுவில் எழுதுக. அது இரு பக்கமும் போகும்.